கண்டற்காட்டுப் பூசணமும் கடல்தந்த மருந்தும்

தஞ்சோங் காராங் என்பது மலாய்ப் பெயர். தஞ்சோங் என்றால் நீருக்குள் நீண்ட நிலமுனை. காராங் என்றால் பவளப்பாறை. பெயரை மட்டும் கேட்டு வெண்மணலையும் பவளத்தையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவர். கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே செல்லும் கரை பெரும்பாலும் சேற்றுக்கரை. அலை ஏறும்போது நீரும், இறங்கும்போது கருஞ்சேறும், அச்சேற்றில் வேரூன்றிய கண்டல் மரங்களுமே ஆங்குக் காட்சி. நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கழி, கானல், கண்டல் என்னும் சொற்களை அடிக்கடி விளக்க நேரும். அம்மூன்றையும் ஒருசேரக் காட்ட வேண்டுமாயின், மாணவரை இக்கரைக்கு அழைத்து வந்தால் போதும். மலாய்க்காரர் பாக்காவ் என்பது இக்கண்டல் இனத்து மரங்களுள் ஒரு வகையையே.

இத்தகைய சேற்றிலும் உவர்நீரிலும் மட்கும் மரத்திலிருந்து மருந்து பிறக்குமா என்னும் வினா, சென்ற எண்பது ஆண்டுகளாக அறிவியலாளரை ஈர்த்து வருகிறது. பிறந்துவிட்டது என்று கூறுவோரும் உளர். செபலோஸ்போரின் என்னும் மருந்தினத்தைக் கடற்பூசணம் உலகுக்கு அளித்த முதற்கொடை என்று நூல்கள் பல எழுதுகின்றன. இக்கூற்று எவ்வளவு உண்மை என்பது ஆராய்தற்குரியது. பூசணம் என்று ஈண்டுக் குறிப்பது இக்காலப் பாடநூல்கள் பூஞ்சை என்று வழங்குவதையே. ஊறுகாயின் மேலும் பழைய தோலின் மேலும் படர்வதும் அதுவே. காளானும் அதன் இனமே.

வரலாறு இத்தாலி நாட்டைச் சேர்ந்த சார்தீனியாத் தீவில் தொடங்குகிறது. அத்தீவின் தலைநகர் காலியாரி. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்தவர் ஜுசெப்பே புரோட்சு. 1945 ஆம் ஆண்டு. போர் முடிந்த வேளை. நகரின் கழிவுநீர் தூய்மை செய்யப்படாமலே சு சிக்கு என்னுமிடத்தில் கடலிற் கலந்தது. இளைஞர்கள் அந்நீரிலேயே நீந்தினர். அப்படியிருந்தும் டைபாய்டு காய்ச்சல் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. வந்தவர்க்கும் அத்துணைக் கடுமையாக இல்லை. கழிவுநீர் கடலிற் சேரும் இடத்தில் நோய்க்கிருமிகளை அழிக்கும் ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும் என்று புரோட்சு ஊகித்தார். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய இடத்தில் அவர் நீரை மொண்டார். அந்நீரிலிருந்து செபலோஸ்போரியம் அக்ரிமோனியம் என்னும் பூசணத்தைப் பிரித்தெடுத்தார். அது வளர்ந்த ஊட்டநீர் டைபாய்டுக் கிருமி உள்ளிட்ட பலவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது. கொப்புளம் கண்டவர்க்கும் காய்ச்சலால் வருந்தியவர்க்கும் அதனைக் கொடுத்துப் பார்த்து நற்பயனும் கண்டார்.

ஆயினும் ஊட்டநீர் வேறு, மருந்து வேறு. செயலுடைய பொருளைத் தூய்மையாகப் பிரிக்க வேண்டிய வேதியியற் கருவியோ பணமோ காலியாரியில் இல்லை. இத்தாலிய மருந்து நிறுவனங்களின் துணையும் கிட்டவில்லை. 1948 இல் தம் கண்டுபிடிப்பை அவர் ஒரு சிறு வெளியீடாகத் தம் துறையின் சார்பிலேயே அச்சிட்டார். உலகில் அதனைப் படித்தவர் மிகச் சிலரே. நல்வாய்ப்பாக, சார்தீனியாவில் முன்பு பணியாற்றிய பிளைத் புரூக் என்னும் ஆங்கிலச் சுகாதார அதிகாரி அவருக்கு அறிமுகமானவர். அவர் வழியாகச் செய்தி இலண்டன் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கும், அங்கிருந்து ஆக்ஸ்போர்டில் இருந்த ஹவார்டு புளோரிக்கும் சென்றது. பெனிசிலினை மருந்தாக்கியவருள் தலையாயவர் புளோரி. 1948 இல் பூசணத்தின் வித்து ஆக்ஸ்போர்டை அடைந்தது.

இதன்பின் நிகழ்ந்தது ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்கூறத் தக்கது. ஆக்ஸ்போர்டில் எட்வர்டு ஆபிரகாமும் கய் நியூட்டனும் அப்பூசணத்தின் ஊட்டநீரை ஆராய்ந்தபோது அதில் ஒரு பொருளன்று, பல பொருள்கள் இருந்தன. முதலில் ஒன்று கிட்டியது. அது புரோட்சு கண்ட பொருளன்று. அடுத்து மற்றொன்று கிட்டியது. டைபாய்டுக் கிருமியை எதிர்த்தது அதுவே. ஆனால் அது பெனிசிலின் வகையைச் சேர்ந்ததென்று பின்னர்த் தெரிந்தது. அந்த இரண்டாவது பொருளைத் தூய்மை செய்யும்போது 1953 இல் அதனோடு ஒட்டிவந்த மிகச் சிறிதளவான மூன்றாவது பொருளொன்று அகப்பட்டது. அதுவே செபலோஸ்போரின் சி. கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்குப் பெரிதாக இல்லை. ஆயினும் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியால் அதனைச் சிதைக்க இயலவில்லை. அக்காலத்தில் மருத்துவமனைகளில் பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் பெருகிக்கொண்டிருந்தன. ஆகவே அந்தச் சிறு பொருள் பெரும் பொருளாயிற்று. அதன் அமைப்பை ஆபிரகாமும் நியூட்டனும் கண்டறிந்தனர். 1961 இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர் ஆய்வால் அதனை உறுதி செய்தார். அதன் உட்கருவை எடுத்து வேதியியல் முறையில் மாற்றியமைத்த முதல் மருந்தாகிய செபலோத்தின் 1964 இல் விற்பனைக்கு வந்தது. இன்று மருத்துவர் எழுதித்தரும் சீட்டுகளில் ‘செப்’ என்று தொடங்கும் மருந்துப் பெயர்களைக் காண்போர் அதன் வழித்தோன்றல்களையே காண்கின்றனர்.

புரோட்சு தேடியதும் கண்டதும் ஒன்று; உலகம் பெற்றது வேறொன்று. அதனால் அவர் பெருமை குறைவதில்லை. அந்தப் பூசணத்தை அவர் எடுத்துக் காத்திராவிடின் மூன்றாவது பொருளைத் தேட ஆக்ஸ்போர்டில் எதுவும் இருந்திராது. பின்னாளில் அவர் காலியாரி நகரத் தலைவராகவும் சார்தீனியா வட்டாரத் தலைவராகவும் விளங்கினார்.

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். இது கடற்பூசணமா? கடலில் எடுத்ததெல்லாம் கடலுக்குரியதன்று. ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த தேங்காய் கடலில் மிதப்பதால் மீனாகிவிடாது. கடற்பூசணங்களைப் பற்றிய பெருநூலை 1979 இல் எழுதிய கோல்மேயர் தம்பதியர் ஒரு வரையறை செய்தனர். கடலிலோ கழிமுகத்திலோ மட்டுமே வளர்ந்து அங்கேயே வித்து ஈனுவது முழுக் கடற்பூசணம்; நிலத்திலோ நன்னீரிலோ தோன்றிக் கடலிலும் வளர வல்லது விருப்பக் கடற்பூசணம். செபலோஸ்போரியம் நிலத்திலும் வாழும் இனம். சு சிக்குவில் அது கடலிலிருந்து வந்ததா, நகரத்தின் சாக்கடையிலிருந்து வந்ததா என்றால், சாக்கடையிலிருந்து வந்திருத்தற்கே இடம் மிகுதி. எனவே அதனைக் கடலின் கொடை என்பது மிகைக்கூற்று; கடலோரத்தில் கிட்டிய கொடை என்பதே பொருந்தும்.

அவ்வாறாயின் முழுக் கடற்பூசணங்கள் யாவை? அவற்றை அறிந்த வரலாறு மருந்து வரலாற்றைக் காட்டிலும் மூத்தது. ஆனால் மெல்ல நடந்தது. 1846 இல் மத்தியதரைக் கடலின் கடற்புல்லின்மேல் வாழும் பூசணமொன்று முதன்முதல் விவரிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் உதிரிக் குறிப்புகளே கிடைக்கின்றன. 1944 இல் அமெரிக்காவில் பார்கோர்னும் லிண்டரும் மரப்பலகைகளைக் கடலில் மூழ்கவைத்து, அவற்றின்மேல் பூசணங்கள் வளர்ந்து மரத்தை மட்கச் செய்வதைக் காட்டினர். துறைமுகத் தூண்களையும் மரக்கலங்களையும் அரிப்பது கப்பற்புழு ஒன்றே என்று எண்ணியிருந்தோர்க்கு இது புதுச்செய்தி. 1955 இல் ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துக் கரையில் கிரிப் தம்பதியர் கண்டல் மரங்களின்மேல் வாழும் கடற்பூசணங்களை வெளியிட்டனர். கண்டற்காடு இத்துறைக்குள் நுழைந்தது அப்போதுதான். 2015 இல் வெளிவந்த கணக்கின்படி பெயரிடப்பட்ட கடற்பூசண இனங்கள் 1,112. நிலத்துப் பூசணங்கள் ஓரிலக்கத்துக்கு மேல் பெயர் பெற்றிருக்க, கடலுக்கு இவ்வளவே என்றால் காரணம் கடலின் வறுமையன்று. தேடியவர் தொகையின் வறுமை.

இங்கேதான் கோலசிலாங்கூர் வருகிறது. தோட்டப்புறத் தமிழர்க்கு இவ்வட்டாரம் பால்மரத்தாலும் தென்னையாலும் செம்பனையாலும் அறிமுகம். 1917 இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. தோட்டங்களுக்கும் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கும் அப்பால், கடல்நீரைத் தடுக்கக் கரைநெடுகக் கட்டிய மண்ணணைக்கு வெளியே, கண்டற்காடு ஒரு பட்டையாக நிற்கிறது. கோலசிலாங்கூரில் அதன் ஒரு பகுதி 1987 முதல் இயற்கைப் பூங்காவாகப் பேணப்படுகிறது. மின்மினி காண வருவோர் பலர். மட்கிய கட்டையைத் தேடி வந்தோர் சிலரே, ஆயினும் வந்தனர்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. ஜே. குத்புத்தீன், கடற்பூசண ஆய்வில் புகழ்பெற்ற கேரத் ஜோன்சு என்பாருடன் இணைந்து 1989 இல் மலேசியக் கண்டற்காட்டுப் பூசணங்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1995 இல் சித்தி ஆய்சா அலியாசு, குத்புத்தீன், ஜோன்சு மூவரும் மலேசியக் கண்டற்காடுகளில் மரத்தின்மேல் எவ்வெப் பூசணம் எத்துணை அடிக்கடி வாழ்கிறது என்று கணக்கிட்டு எழுதினர். 2000 இல் அலியாசும் ஜோன்சும் கோலசிலாங்கூரின் பெயரையே தலைப்பிற் கொண்ட ஆய்வொன்றை வெளியிட்டனர். கண்டல் மரக்கட்டையில் எப்பூசணம் முதலில் குடியேறுகிறது, எது பின்னர் வருகிறது, எது இறுதிவரை நிலைக்கிறது என்பதே அதன் பொருள். ஊரொன்றில் குடியேறியோர் வரலாற்றை எழுதுவது போன்றது அது.

இவ்வேலை பார்வைக்கு எளியது, பொறுமைக்கு அரியது. அலை வற்றிய பொழுதில் முழங்கால் சேற்றில் இறங்கி மட்கிய கட்டைகளைப் பொறுக்க வேண்டும். அவற்றைக் கழுவி, ஈரம் உலராத பெட்டிகளில் வாரக்கணக்கில் வைத்திருந்து, உருப்பெருக்கியின் கீழ் அங்குலம் அங்குலமாகப் பார்த்தல் வேண்டும். தேடுவது மணலினும் நுண்ணிய கரும்புள்ளி. அதுவே பூசணத்தின் கனி. அதனைக் கீறினால் வித்துகள் வெளிப்படும். பல இனங்களின் வித்துகளில் மெல்லிய இழைகளோ பசையுள்ள வால்களோ இருக்கும். அலைநீரில் மிதந்து செல்லும் வித்து மரத்தைத் தொட்டவுடன் பற்றிக்கொள்வதற்கு இயற்கை அமைத்த கருவிகள் அவை. ஒரே வித்தை ஊசிமுனையால் எடுத்துக் கடல்நீர் கலந்த ஊட்டக்களியில் வளர்த்தால் அந்த இனம் கைக்கு வந்தது. இனம் இன்னதென்று தெரிந்த பின்னரே அது ஈனும் பொருளை ஆராய்தல் பயன்தரும். பெயர் தெரியாத பூசணத்தில் மருந்து கண்டாலும் மீண்டும் அதனை எங்கே தேடுவது? ஆகவே பட்டியல் எழுதுவோரின் பணி மருந்து தேடுவோரின் பணிக்குக் கீழ்ப்பட்டதன்று, முற்பட்டது.

இக்காட்டுப் பூசணங்களுள் ஒன்றை மட்டும் சற்று நின்று நோக்கலாம். ஹாலோசைபினா வில்லோசா என்பது அதன் பெயர். 1965 இல் கோல்மேயர் தம்பதியர் பெயரிட்டது. வெப்பநாட்டுக் கண்டற்காடுகளில் பரவலாகவும் மலேசியாவிலும் காணப்படுவது. இது குடைக்காளானின் உறவினம். ஆனால் குடையும் இல்லை, தண்டும் பெரிதில்லை. அரை மில்லிமீட்டர் அளவில், மயிரடர்ந்த வெளிறிய கிண்ணம் போல ஈரக்கட்டையில் ஒட்டியிருக்கும். 1981 இல் செருமானிய ஆய்வாளர்கள் இதனை வளர்த்து, நுண்ணுயிர்களை எதிர்க்கும் சிக்கேன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். முழுக் கடற்பூசணமொன்றிலிருந்து, வகுத்துக் காட்டத்தக்க எதிர்ப்புப் பொருள் கிட்டிய முதற்காலச் செய்திகளுள் இஃது ஒன்று. ஆனால் ஒரு சுவையான முடிச்சு. அதே சிக்கேன், நிலத்துப் பயிர்களைத் தாக்கும் வேறொரு பூசணத்திலிருந்து 1968 இலேயே கிடைத்திருந்தது. கடலும் நிலமும் வேறானாலும், பூசணத்தின் அடுக்களையில் சமையல் சில வேளை ஒன்றாகவே இருக்கிறது.

அயல்நாடாகிய தாய்லாந்தில் 2002 இல் வெளியான ஆய்வு வேறு வகையில் நம் நாட்டு வரலாற்றைத் தொடுகிறது. ஐகியாலசு பார்வசு என்னும் கண்டற்காட்டுப் பூசணத்திலிருந்து ஐகியாலோமைசின் என்னும் பொருள்கள் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, சோதனைக்குழாயில், மலேரியாக் காய்ச்சலின் நுண்ணுயிரை எதிர்த்தது. மலேரியா என்ற சொல் சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களுக்குப் புதிதன்று. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்தும் காட்டை அழித்தும் கொசுவை ஒடுக்க முயன்றபோது, அக்காய்ச்சலுக்குத் தோட்டந்தோறும் தமிழ்த் தொழிலாளர் இரையாகிக்கொண்டிருந்தனர். கரைச் சதுப்பு என்றாலே காய்ச்சலின் பிறப்பிடம் என்று அக்காலத்தார் அஞ்சினர்; அவ்வச்சம் தவறன்று. அதே சதுப்பின் மட்கிய கட்டையில் அக்காய்ச்சலை எதிர்க்கும் பொருளொன்று ஊறிக்கிடக்கக்கூடும் என்று எண்ணியவர் அன்று எவருமில்லை. ஐகியாலோமைசின் மருந்தாகிவிடவில்லை என்பதையும் உடன் கூற வேண்டும். சோதனைக்குழாயில் வெல்வது ஒன்று. மனித உடலில் தீங்கின்றி வெல்வது முற்றிலும் வேறு.

பூசணங்கள் இப்பொருள்களை ஏன் ஈனுகின்றன? மனிதர்க்கு மருந்தளிக்க அன்று. ஒரு சிறு கட்டையில் பல பூசணங்களும் எண்ணற்ற பாக்டீரியாக்களும் இடத்துக்கும் உணவுக்கும் போரிடுகின்றன. இப்பொருள்கள் அப்போரின் படைக்கலங்கள். 2001 இல் பகாமாசுத் தீவுக் கடற்பாசியொன்றில் வாழ்ந்த பூசணத்தை அமெரிக்க அறிஞர் வில்லியம் பெனிக்கல் குழுவினர் தனியே வளர்த்தபோது அது குறிப்பிட்ட பொருளெதனையும் தரவில்லை. ஒரு கடற்பாக்டீரியாவை அதனோடு சேர்த்து வளர்த்தபோது பெசுட்டலோன் என்னும் புதுப்பொருளை ஈன்றது. பகையில்லாதபோது படைக்கலம் வடிப்பதில்லை போலும். பிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை அது அடக்கும் என்று பெருநம்பிக்கை எழுந்தது. 2013 இல் அதனைச் செயற்கையாக ஆக்கிச் சோதித்த வேறொரு குழுவினர், முதலில் கூறிய அளவுக்கு வலிமை அதற்கில்லை என்று கண்டனர். செய்தித்தாள்களில் வியப்புச் செய்தி வருவது முதலாண்டில். திருத்தம் வருவது பன்னிரண்டாம் ஆண்டில். இரண்டாவதைப் படிப்போர் குறைவு.

மருந்துக்கடையின் வாயில்வரை சென்று திரும்பியது பிளினாபுலின். பச்சைக் கடற்பாசியொன்றில் வாழ்ந்த அசுபெர்சில்லசுப் பூசணத்தின் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட செயற்கைப் பொருள் இது. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்து வருந்துவோர்க்கு உதவும் என்று மனிதரிடத்தில் இறுதிக்கட்டச் சோதனைவரை சென்றது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் ஒப்புதல் அளிக்கவில்லை. ஒரு சோதனை போதாது, இரண்டாவதும் வேண்டும் என்றது. இங்கும் அதே முடிச்சு. கடற்பூசணம் தந்த அந்த முன்மாதிரிப் பொருளை நிலத்து அசுபெர்சில்லசிலிருந்து ஜப்பானியர் 1997 இலேயே வெளியிட்டிருந்தனர்.

இவற்றையெல்லாம் வைத்து நோக்கின், கடலில் மட்டுமே வாழும் பூசணம் தந்த மருந்து இதுவரை எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை என்பதே நேர்மையான கூற்று. செபலோஸ்போரினைச் சான்றாகக் காட்டிக் கடற்பூசணத்துக்குப் புகழ்பாடுவோர் கடலுக்கு நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் இன்னும் நடவாத வேலையை நடந்து முடிந்ததாகக் காட்டிவிடுகின்றனர். நடந்து முடிந்ததற்குப் பணமும் ஆளும் எவர் தருவார்?

தமிழ்நாட்டிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை அளித்த தில்லைமரம் கண்டற்காட்டு மரமே என்பதை ஆசிரியர்கள் அறிவர். அம்மரத்தை இன்றும் பிச்சாவரத்துக் கழிகளில் காணலாம். 1998 இல் டி. எஸ். சூரியநாராயணன் குழுவினர் இருவகைச் சுரபுன்னை மரங்களின் உயிருள்ள இலைகளுக்குள்ளேயே, நோய் செய்யாமல் குடியிருக்கும் பூசணங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். 2010 இல் தமிழகக் கரையின் கடற்பாசிகளுக்குள் வாழும் பூசணங்களையும் அவற்றின் பயன்களையும் பற்றி எழுதினர். மட்கிய கட்டையை மட்டுமன்றிப் பச்சை இலையையும் தேட வேண்டும் என்பது இவ்வாய்வுகளால் தெளிவாயிற்று.

மலேசியாவில் அதே 2010 இல், அலியாசு உள்ளிட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தார், பிரித்தானியாவில் பணியாற்றிய வேதியியலாளர் ரைனர் ஏபெலுடன் சேர்ந்து, மலேசியக் கடற்பூசணங்களின் நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பெயரிட்டுப் பேணிய பூசணங்களை ஊட்டநீரில் வளர்த்து, அதன் சாற்றை வடித்து, கிருமிகள் பரவிய தட்டில் வைத்துப் பார்ப்பது இத்தகைய சோதனை. சாறு வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றினால் ஆற்றல் உண்டு, தோன்றாவிடில் இல்லை. வட்டம் தோன்றிய பின்னர், சாற்றிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களுள் எது அதனைச் செய்தது என்று பிரித்தறிதல் வேண்டும். காலியாரியில் 1948 இல் புரோட்சு வந்து நின்ற இடம் அதுவே. ஆக்ஸ்போர்டில் அதற்கு அப்பால் நடக்க ஐந்தாண்டுகளும், அங்கிருந்து மருந்துக்கடைக்கு மேலும் பதினோராண்டுகளும் ஆயின.